கணவர் பெயர் கேட்கிற கோடு

என் அக்காவின் மகளுக்கு 19 வயது. ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு மேலே படிக்கிறாள், ஒரு பையனை விரும்புகிறாள். "சித்தி, கருத்தடைக்கு எங்க போறது? தனியப் போகப் பயமா இருக்கு" என்று என்னிடம் வந்தாள். ஏதாவது நடந்த பிறகு வராமல் முன்கூட்டியே வந்தாளே என்று எனக்கு நிம்மதி.

அவளுக்கும் தோழிகளுக்கும் தெரிந்தது பாமசியில் விற்கிற போஸ்டினோர் குளிசை மட்டும்தான். அது அவசரத்துக்கு. உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் போடவேண்டும், பிந்தப் பிந்தப் பலன் குறையும். மாதா மாதம் அதை நம்பியிருக்க முடியாது.

சில நாடுகளில் இளம் பிள்ளைகளின் கருத்தடைச் செலவை அரச காப்புறுதி ஏற்க வேண்டுமா என்றே இன்னும் வாதாடுகிறார்கள். இங்கே இலங்கையில் காப்புறுதிப் பேச்சே இல்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் குளிசை, மூன்று மாத ஊசி, கருப்பையில் வைக்கிற லூப், கையில் வைக்கிற இம்ப்ளான்ட் எல்லாம் இலவசம். ஆனால் அந்த ஏற்பாடு குடும்பங்களை வைத்து அமைந்தது. கல்யாணம் முடித்த பெண்ணை மிட்வைஃப் (மருத்துவிச்சி) வீடு தேடி வந்து பதிவார். கல்யாணம் முடிக்காதவள் தானாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

கொழும்பில் நாங்கள் முதலில் போன கிளினிக்கில் கைக்குழந்தைகளோடு தாய்மார் வாங்கு நிறைய இருந்தார்கள். படிவத்தில் கணவர் பெயர் எழுதும் கோட்டில் பேனையை வைத்தபடி பிள்ளை அப்படியே நின்றாள். மேசையில் இருந்தவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கல்யாணம் முடிச்சிட்டு வாங்க, இல்லாட்டி அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். 18 வயது தாண்டியவளுக்கு அம்மாவின் கையெழுத்து எதற்கு? நான் கேட்டேன். பதில் வரவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம் தருகிற 1883ஆம் ஆண்டுச் சட்டம் நடக்கிற நாட்டில், தடுக்க வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா?

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறு கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த மிட்வைஃப் மிஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். கணவர் பெயர்க் கோட்டில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கடைசி மாதவிடாய் எப்போது, ஒற்றைத் தலைவலி வருமா, சிகரெட் பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் கட்டியிருக்கிறதா. பிறகு பிரஷர் பார்த்தார். ஒவ்வொரு முறையையும் கையில் எடுத்துக் காட்டினார். ஊசி போட்டால் மாதவிடாய் ஒழுங்கு மாறலாம், இம்ப்ளான்ட் வருடக்கணக்கில் வேலை செய்யும், விரும்பினால் இடையில் எடுக்கலாம், நோய்த் தொற்றைத் தடுக்க ஆணுறைதான் வேண்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அவள் குளிசையைத் தெரிவு செய்தாள். 28 குளிசை உள்ள பக்கட். அதில் 21 ஹோர்மோன், மற்ற 7 இரும்புச்சத்து. மாதவிடாய் தொடங்கும் நாளில் ஆரம்பிக்கச் சொன்னார். ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்த உடனே போட வேண்டும்.

காசு ஒன்றும் எடுக்கவில்லை. அட்டையில் அடுத்த திகதியை எழுதிக் கொடுத்துவிட்டு, "சித்தி வராட்டியும் பரவாயில்லை மகள், நீங்க தனிய வாங்க" என்றார். அடுத்த முறை அவள் தனியாகத்தான் போய் வந்தாள்.