அடங்கிக் கிடப்பவர்களைக் கவனியுங்கள்

பெங்களூரு ஓசூர் சாலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வரும் பராமரிப்பாளர்களுக்கு மனநலம் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. பலரும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பெண்கள். குளிப்பாட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் சீக்கிரம் கைவந்துவிடும். மனசு சம்பந்தப்பட்டதுதான் வகுப்பறையில் ஏறாது. அதனால் அந்தப் பாடத்தை ஷிப்ட் மாறும் நேரத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஒருநாள் காலை, "பாட்டி தொந்தரவே பண்ணலைக்கா, ராத்திரி பூரா தூக்கம்" என்றாள் டியூட்டி முடிந்த பெண். நல்ல சேதியாகத்தான் சொன்னாள். விடியற்காலையிலேயே காபி கேட்டுக் குரல் கொடுக்கும் பாட்டி அவர். அவளையும் கூட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். கூப்பிட்டால் கண் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். கவனம் நிற்கிறதா என்று பார்க்க, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னோம். சனி, வெள்ளியோடு நின்றுவிட்டார். முந்தின வாரம் ஏழையும் தடங்கலில்லாமல் சொன்னவர். டாக்டர் பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று.

இப்படித் திடீரென்று வரும் மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். டிமென்ஷியா என்கிற மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். இது சில மணி நேரத்திலேயே வந்துவிடும். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை என எதனாலும் வரலாம். கத்திக் கலாட்டா செய்தால் எல்லோரும் ஓடிவருவார்கள். அடங்கிக் கிடப்பவர்கள்தான் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். மனச்சோர்வும் அப்படித்தான். இரண்டு வாரமாகச் சாப்பாட்டிலும் பேச்சிலும் பிடிப்பே இல்லையென்றால், வயசாகிவிட்டது என்று விடக்கூடாது, டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இப்போது ஷிப்ட் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நேற்றைவிட இன்று என்ன மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்கிறேன். தினமும் கூட இருக்கும் இந்தப் பெண்களுக்குத் தெரிகிற அளவு எங்களுக்குத் தெரியாது. கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்புறம், இவர்கள் மனசை யார் பார்ப்பது? வருஷக்கணக்கில் சோறு ஊட்டிய தாத்தா இறந்துபோனால், ஓரிரு நாளில் அதே கட்டிலில் வேறொருவர் வந்துவிடுவார். பயிற்சியில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2022இல் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இலவசம், தமிழிலேயே பேசலாம். இதே சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதற்கு வழிகாட்டும் மையம். ஆனால் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருபவளுக்குப் போன் எடுக்கவும் தெம்பு இருக்காது. பயிற்சி நேரத்தை டியூட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டும், தான் பார்த்துக்கொண்ட ஒருவர் இறந்தால் அடுத்த நாள் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். முதலாவதற்குச் சரி என்றிருக்கிறார்கள். இரண்டாவதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.