கல்லடியில் ஒரு கோப்பிச் சுவைப்பும் ஊர்ப்பெயர்களின் உரிமையும்

பதுளையில் பேருந்து ஏறி, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதி தேயிலைச் சரிவில் தொடங்கி நெல்வயல்களில் முடிகிறது. கரடியனாற்றைத் தாண்டியதும் குளிர் முழுவதும் விட்டுப்போய், கடற்கரை ஊர்களுக்கே உரிய புழுக்கம் வந்து சேர்ந்துகொள்கிறது. இந்தப் பயணத்தில் என் பையில் பதுளைக் கடையொன்றில் வாங்கிய அரபிக்கா கோப்பிக் கொட்டை அரைக் கிலோ இருந்தது. பொதியின் முகப்பில் 'இலங்கைக் கோப்பி' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். எந்த ஊரில் விளைந்தது, எவ்வளவு உயரத்தில் விளைந்தது என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. கேட்டபோது கடைக்காரர், "எல்லாம் மலைக்கோப்பிதான் ஐயா" என்றார்.

மட்டக்களப்பில் கோப்பி விளைவதில்லை. ஆனால் கல்லடியில் என் தங்கை வீட்டில் அதை முறையாகச் சுவைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். தங்கையின் மகன் டுபாயில் கோப்பி வறுக்கும் நிறுவனமொன்றில் சில காலம் வேலை செய்து, அந்தக் கலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். அவர் தம்மிடம் இருந்த எத்தியோப்பியாவின் யிர்காசெஃப், ஹரார், இந்தியாவின் மொன்சூன் மலபார் ஆகியவற்றோடு என் பொதியையும் பிரித்து, மேசையில் கிண்ணங்களை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொரு கிண்ணத்திலும் எட்டேகால் கிராம் தூள். அதன்மேல் ஏறத்தாழ 93 பாகை வெப்பமுள்ள நீர் 150 மில்லிலீற்றர். நான்கு நிமிடங்கள் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்குள் தூள் மேலே மிதந்து கபில நிற ஆடையாகப் படிந்துவிடுகிறது. கரண்டியின் பின்புறத்தால் அந்த ஆடையை மெல்லத் தள்ளி உடைக்கும் கணத்தில் எழும் மணம்தான் சுவைப்பின் பாதி.

"மாமா, மூக்கைக் கிட்டக் கொண்டு போங்க. இந்த வாசம் ஒருக்காத்தான் வரும்," என்றார் மருமகன். பிறகு கரண்டியால் அள்ளிச் சத்தம் வர உறிஞ்சச் சொன்னார். கோப்பி சிதறி நாக்கு முழுவதும் பரவ வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

யிர்காசெஃப்பில் எலுமிச்சைத் தோலின் புளிப்பும் மல்லிகையை நினைவூட்டும் மணமும் இருந்தன. பழத்தோடு வெயிலில் உலர்த்தப்படும் ஹரார், கனிந்து நொதிக்கத் தொடங்கிய நாவற்பழத்தை ஒத்திருந்தது. மொன்சூன் மலபாரைத் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் பட மேற்குக் கரைக் களஞ்சியங்களில் வாரக்கணக்கில் பரப்பி வைப்பார்கள். கொட்டை ஊதி வெளிறி, புளிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கு இந்தியாவில் 2008இல் புவியியல் குறியீடு, அதாவது ஓர் இடத்தின் பெயரை அவ்விடத்துப் பொருளுக்கே உரியதாக்கும் சட்டப் பதிவு, கிடைத்தது. பதுளைக் கோப்பி எவ்வகையிலும் குறைந்ததாக இல்லை. நல்ல இனிப்பும் அளவான புளிப்பும் அதில் இருந்தன. மருமகன் புள்ளித்தாளை நிரப்பினார்; நூற்றுக்கு 80ம் அதற்கு மேலும் பெறுவதே சிறப்புக் கோப்பி. மற்ற மூன்றுக்கும் விளைந்த இடத்தை எழுதிய அவர், நான்காவதற்கு 'இலங்கை' என்று எழுதிவிட்டு, அருகில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அந்தக் கேள்விக்குறி என்னை உறுத்தியது.

சுவைக்கு விலை தருவது அந்தப் பெயர்தான் என்பதை எத்தியோப்பியா நன்றாக உணர்ந்திருந்தது. 2005இல் அது ஹரார், சிடாமோ, யிர்காசெஃப் ஆகிய பெயர்களை வர்த்தகக் குறிகளாகப் பதிவு செய்யுமாறு அமெரிக்காவில் விண்ணப்பித்தது. சிடாமோ என்ற சொல் அடங்கிய ஒரு பெயருக்கு அமெரிக்கக் கோப்பி நிறுவனமான ஸ்டார்பக்ஸ் அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தது. அமெரிக்கக் கோப்பி வணிகர்களின் சங்கம் எத்தியோப்பியாவின் விண்ணப்பங்களை எதிர்த்தது. ஒக்ஸ்பாம் என்ற தொண்டு அமைப்பு விவசாயிகளின் பக்கம் நின்று பிரசாரம் செய்தது. முடிவில் 2007இல் ஸ்டார்பக்ஸ் எத்தியோப்பியாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. புவியியல் குறியீட்டை விட்டு வர்த்தகக் குறியை அந்நாடு தேர்ந்தது ஏன் என்று பலர் கேட்டார்கள். இலட்சக்கணக்கான சிறு நிலங்களில் விளையும் கோப்பியை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துச் சான்றளிப்பது ஓர் ஏழை நாட்டால் இயலாத காரியம். பெயரின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமக் கட்டணம் வாங்காமல் வறுப்பவர்களுக்கு அனுமதி கொடுத்து, அப்பெயரின் மதிப்பை உயர்த்துவதே அதன் வழி. அந்தத் தெரிவு சரியென்றே எனக்குப் படுகிறது.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தங்கை, "அப்ப வேற எங்கயோ நெய்த சாரத்தை மருதமுனைச் சாரம் எண்டு வித்தா எப்பிடி இருக்கும், அது மாதிரித்தானே அண்ணா?" என்று கேட்டாள். அதேதான். ஹவாயின் கோனா கோப்பிக்கு அப்படியே நடந்தது. மத்திய அமெரிக்கக் கொட்டைகளைக் கோனா என்று சொல்லி ஒரு கலிபோர்னியா வியாபாரி விற்றுவந்தது 1996இல் அம்பலமானது. அதுவரை பேர்பெற்ற வறுப்பு நிறுவனங்களும் ஐயமின்றி அதை வாங்கியிருந்தன. தேர்ந்த நாக்குகளையும் ஏமாற்ற முடியுமென்றால், பெயரைச் சட்டத்தின் காவலில் வைக்காமல் சுவையை மட்டும் நம்பி எந்த விவசாயியும் பிழைக்க முடியாது.

நம் மலைநாட்டில் இந்தக் கவலைக்குத் தனிக் காரணம் உண்டு. 1869இல் மடுல்சீமைப் பக்கம் தென்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. தேயிலைக்கு, அது இலங்கையுடையது என்று காட்டும் சிங்க இலச்சினை இருக்கிறது. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீட்டைப் பெற்றது. கோப்பியோ இப்போதுதான் மெல்ல மீண்டு வருகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் பொதுவில் பயன்படுத்தும் கூட்டுக் குறிக்கும், பொருளின் தரத்துக்கோ பிறப்பிடத்துக்கோ சான்று சொல்லும் சான்றுறுதிக் குறிக்கும் இடமுண்டு. புவியியல் குறியீடுகளைப் பதிவதற்கான ஏற்பாடு 2022இல் திருத்தச் சட்டமொன்றின் மூலம் வந்தது. ஆகவே சட்டம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

இல்லாதது எல்லைக்கோடுதான். ஜமேக்காவின் புளூ மவுண்டன் கோப்பி எந்தப் பிரதேசத்தில் விளைய வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே வரையறுத்திருக்கிறது. பதுளைக் கோப்பி என்ற பெயர் எந்த உயரத்திலிருந்து தொடங்கும், அரபிக்கா அல்லாத ரொபஸ்டா இனத்துக்கு அதில் இடம் உண்டா, மலையில் விளைந்து கொழும்பில் வறுத்தது அதே பெயரில் விற்கப்படலாமா என்பவற்றைச் சிறு தோட்டக்காரர்கள் கூடிப் பேசி எழுதிவைக்க வேண்டும். அப்படி ஒரு சங்கம் எழுந்தால் சுவைப்பதற்குத் தானே வந்துவிடுவதாக மருமகன் சொல்லியிருக்கிறார்.