ஒழுகிய ஹீட்டர் கோர்: ஊட்டியில் என் காரில் நானே மாற்றிய அனுபவம்

ஜனவரி மாதம், காலை ஆறேகால். லவ்டேல் இறக்கத்தில் முன்கண்ணாடி மொத்தமும் வெளுத்துவிட்டது. உறைபனி நாட்களில் கண்ணாடியில் ஆவி படிவது ஊட்டிக்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் இது துடைத்தால் போகவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி இழுபட்டது. ஹீட்டரைக் கூட்டினால் இன்னும் மோசம். உள்ளே பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பு வாடை. பின்சீட்டில் மகள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித்தான் வண்டியை ஓரங்கட்டினேன். அன்றைய நடுக்கம் இன்னும் போகவில்லை.

முதல் மெக்கானிக் ஈரமாக இருந்த இடப்பக்கக் கால்மிதியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏசி தண்ணிங்க, டிரெயின் குழாய் அடைச்சிருக்கு" என்றார். ஜனவரியில் நான் ஏசி போடவே இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. சுத்தம் செய்து 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாளும் மேட் ஈரம். வெள்ளை டிஷ்யூ தாளை அழுத்திப் பார்த்தேன்: பச்சை நிறம், விரலில் வழவழப்பு. ஏசி தண்ணீருக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. இந்தச் சோதனையை முதல் நாளே நீங்களே செய்துவிடுங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் சூடாக உள்ளே ஓட, அந்தச் சூட்டில் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். அதுதான் ஒழுகுகிறது என்று இரண்டாவது மெக்கானிக் சரியாகச் சொன்னார். ஆனால், "ஹீட்டர் எதுக்குங்க? ரெண்டு ஹோஸையும் சேர்த்து பைபாஸ் பண்ணிடலாம்" என்றார். இல்லையென்றால் டேஷ்போர்டை இறக்க வேண்டும், மூன்று நாள் ஆகுமாம். கோயம்புத்தூரில் ஓடும் வண்டிக்கு பைபாஸ் போதும். மலையில் ஹீட்டர் என்பது குளிருக்கு மட்டுமல்ல, கண்ணாடிக்கு. ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்புப் பவுடரையும் நான் தொடவில்லை. அது ஓட்டையோடு சேர்த்து கோரின் மெல்லிய வழிகளையும் அடைத்துவிடும்.

வீட்டுக்கு வந்து கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஹீட்டர் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன மூடி, மூன்று ஸ்க்ரூ. கோரை அந்த வழியாகவே உருவி எடுக்கலாம். டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம்! எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது, பலவற்றில் இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் யாரிடமும் ஒப்படைப்பதற்கு முன் பத்து நிமிடம் குனிந்து பாருங்கள்.

அடுத்த நாள் கோயம்புத்தூர் உக்கடத்தில் உதிரிபாகக் கடை. மாடலையும் வருடத்தையும் சொல்லி கோர் வாங்கிக்கொண்டு மலையேறினேன். பேட்டரியைக் கழற்றி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்டை இறக்கி, பழையதை உருவி, புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழாய் இரண்டும் விரற்கடை அளவு குட்டை. ஒரே மாடலுக்கு இரண்டு விதமான ஹீட்டர் பெட்டி வந்திருக்கிறது. ஒரு நாளும் பெட்ரோலும் வீண்.

வண்டி பிரிந்து கிடந்ததால் மறுநாள் பஸ்ஸில் இறங்கினேன், இரண்டு கோரையும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு. "பிரிச்ச சாமானை எடுக்கமாட்டோங்க" என்றார் கடைக்காரர். நான் வாக்குவாதம் செய்யவில்லை. இரண்டையும் அவர் மேசைமேல் அருகருகே வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனவர் சரியான கோரோடு வந்தார், கூடக் காசு கேட்கவில்லை. பழைய சாமான் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஹோஸ் அலுமினியக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளையரால் திருகாதீர்கள், குழாய் நசுங்கும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டுப் புது ஹோஸ் போடுவதுதான் மலிவு. இறக்கிய கூலன்டை மூடியுள்ள கேனில் வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், அது கொடிய விஷம். எங்கள் சந்தில் குட்டிகள் இருந்ததால் தரையில் சிந்தியதையும் துடைத்துக் கழுவினேன்.

கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை வெளியே எடுப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. சந்தின் மேட்டில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட வேண்டும். எஞ்சின் சூடேறியும் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன், ஃபேன் சுற்றுவதற்கு முன்பே குபுகுபுவென்று பொங்கியது. நல்லவேளை, முகத்தைக் குனிந்து வைத்திருக்கவில்லை. ஆறவிட்டு, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிப்பாதி ஊற்றிய பிறகு அடங்கியது.

எல்லாம் முடிந்தும் மூன்று நாள் கண்ணாடி அதே மாதிரி வெளுத்தது. புதுக் கோரும் போய்விட்டதா என்று வயிறு கலங்கிப்போனது. ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டுப் பார்த்தேன், சொட்டுக்கூட இறங்கவில்லை. பிறகுதான் இடப்பக்க சீட்டைக் கழற்றி கார்பெட்டைத் தூக்கினேன். அடியில் இருந்த பஞ்சு ஊறிப்போய்க் கிடந்தது, பிழிந்தால் அரை பக்கெட் வரும். ஹீட்டர் போடும்போதெல்லாம் அதுதான் ஆவியாகிக் கண்ணாடிக்கு ஏறியிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி மொட்டைமாடியில் போட்டேன். இந்த வெயிலில் காய நாலு நாள் ஆனது. முன்கண்ணாடியின் உட்புறத்தையும் சோப்பு போட்டுத் துடைத்தேன்.

திங்கட்கிழமை காலை அதே லவ்டேல் இறக்கம். கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து தெளிவு மெல்ல மேலே ஏறி, பாதை முழுசாகத் தெரிந்தது. டேங்கில் மார்க்கர் கோடு இன்றும் அதே மட்டத்தில் நிற்கிறது.