தாய்ப்பத்திரம் இல்லாத ஒரு ஏக்கர்

நீலகிரியில் நில வழக்கு பார்க்கும் வக்கீல்களின் மேசையில் பி மெமோ ரசீதுகளுக்குப் பஞ்சமிருக்காது. அரசு நிலத்தில் இருப்பவருக்கு 'நீ ஆக்கிரமிப்பாளர்' என்று வருவாய்த்துறை கொடுப்பதுதான் பி மெமோ. மக்களோ அதற்குக் கட்டிய பணத்தின் ரசீதை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்து, அனுபவத்துக்கு ஆதாரமாக நம்மிடமே நீட்டுவார்கள். கூடலூர் பக்கம் கேட்கவே வேண்டாம். பழைய ஜன்மி எஸ்டேட்டுகளை அரசே எடுத்துக்கொண்ட 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் மாட்டிய நிலங்களில், தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாதவர்கள் ஏராளம்.

உயில் எழுத வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கோத்தகிரி வீடு, தேயிலைத் தோட்டம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பையிலிருந்து லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றை எடுத்தார். நிலவில் ஒரு ஏக்கர்! வெளிநாட்டு மகனின் பிறந்தநாள் பரிசாம். தங்க நிற முத்திரை, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பளபளத்தன.

"இதையும் பேத்தி பேர்ல எழுதிடுங்க வக்கீலம்மா."

"தாய்ப்பத்திரம் இருக்கா ஐயா?" என்றேன். பாதி விளையாட்டுதான். விற்றவருக்கு நிலம் எப்படி வந்தது என்று காட்டும் முந்தைய பத்திரம்தான் தாய்ப்பத்திரம். இங்கே விஷயமே அதுதான். 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 2-ஆவது பிரிவுப்படி, இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறெந்த வழியிலோ எந்த நாடும் நிலவைத் தனதாக்க முடியாது. 'தடை நாடுகளுக்குத்தான், தனியாளுக்கு இல்லை' என்பது விற்பவர்களின் வாதம். தனியார் அங்கே செய்வதற்கும் அவரவர் நாடே பொறுப்பு என்கிறது 6-ஆவது பிரிவு. அதோடு, எந்த அரசுக்கும் சொந்தமில்லாத இடத்துக்கு எந்தத் தாசில்தார் பட்டா கொடுப்பார்?

சான்றிதழை உயிலின் அசையும் பொருள் பட்டியலில், 'லேமினேட் செய்த படம் ஒன்று' என்று சேர்த்தோம். அவருக்கும் திருப்திதான்.

அந்த 2-ஆவது பிரிவில் 'பயன்படுத்தியோ, குடியேறியோ' என்ற இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கீழே, தனியார் நிலத்தை 12 வருடம், அரசு நிலத்தை 30 வருடம் எதிரிடையாக, அதாவது உரிமையாளரின் அனுமதியில்லாமல் வெளிப்படையாகத் தொடர்ந்து அனுபவித்தால் உரிமை கோர வழியுண்டு. எங்கள் பிழைப்பில் பாதி அந்த வழியில்தான் ஓடுகிறது. மேலே அதை எழுதும்போதே அடைத்துவிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. விக்ரமும் பிரக்யானும் அங்கே எத்தனை காலம் கிடந்தாலும் நம்முடையவைதான், அது அதே ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு. ஆனால் அடியிலிருக்கும் தரை நம்முடையது ஆகாது. புறம்போக்கில் போட்ட தகரக் கொட்டகையில், தகரம் மட்டும் நம்முடையது.

சரி, அந்தத் தரையைத் தோண்டி எடுத்தால்? அப்படி எடுத்தது எடுத்தவருக்கே என்று அமெரிக்கா 2015-இல் தன் குடிமக்களுக்குச் சட்டமே போட்டுவிட்டது. தோண்டி எடுப்பது மட்டுமே நிலத்தைத் தனதாக்குவது ஆகாது என்கிறது, நிலவு ஆய்வுக்காக அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை. 2023 ஜூனில் இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. நிலவின் வளம் மனித குலத்துக்கே பொதுச் சொத்து என்று சொல்லும் 1979 நிலவு ஒப்பந்தத்திலும் நாம் 1982-இல் கையெழுத்திட்டிருக்கிறோம். அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்புக்கொள்ளும் ஏற்புறுதி மட்டும் தரவில்லை.

எனக்கு இது நெருடுகிறது. 'மண்ணைத்தான் அள்ளினேன், நிலத்தைத் தொடவில்லை' என்று இங்கே லாரியோடு பிடிபட்ட ஒருவருக்காக நான் வாதாடினால், நீதிபதி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.