தையல் டேப்

ஐசியூ போஸ்டிங்கின் முதல் வாரம். கோட் பாக்கெட்டில் ஸ்டெத், டார்ச், பேனா எல்லாம் இருந்தன. தையல் டேப் மட்டும் இல்லை.

நிமோனியா முற்றி, எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகிப் போன ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தார். ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தாயிற்று. எடை 80 கிலோ, கிலோவுக்கு 6 மில்லி, ஆக ஒரு மூச்சுக்கு 480 என்று வைத்துவிட்டுக் கொஞ்சம் பெருமையாகவே நின்றேன்.

சீனியர் அக்கா வந்து பார்த்தார். "ஆள் எவ்வளவு உயரம்டா?"

முழித்தேன். அவரே மஞ்சள் டேப்பை எடுத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்தார். 160 சென்டிமீட்டர்.

"தொப்பை வளர்ந்தா நுரையீரலும் சேர்ந்து வளருமா?"

நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது; அதனால் தராசு காட்டும் எடை அல்ல, உயரத்திலிருந்து கணிக்கும் எடைதான் கணக்கு. ஆண்களுக்கு உயரத்தில் 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்ட வேண்டும். அவருக்கு 57 கிலோதான் வந்தது. 340 மில்லி போதும். குறைத்ததும் பிளாட்டோ பிரஷர், அதாவது காற்றைச் செலுத்தி நிறுத்தும்போது நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம், 34-இலிருந்து 27-க்கு இறங்கியது. 30-ஐத் தாண்டக் கூடாது.

2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இப்படி நுரையீரல் பாதித்து வென்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகள்: உயரத்தில் கணித்த எடைக்குக் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் இறப்பு 39.8 சதவீதம், 6 மில்லியில் 31. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். எந்த எடை என்பதை மட்டும் கோட்டை விட்டிருக்கிறேன்.

மறுநாளே கடைத்தெருவில் ஒரு டேப் வாங்கிவிட்டேன். சிஸ்டர்கள் இப்போது என்னை 'டெய்லர் டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.