கேஜ் சொன்ன பொய்: வீட்டிலேயே கம்ப்ரஷன் பார்த்த கதை

இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். இன்ஜின் கம்ப்யூட்டர் காட்டிய பிழைக் கோடு (code) பி0302. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டேன், பிளக்கையும் மாற்றினேன். கோடு இரண்டை விட்டு நகரவில்லை. பெட்ரோலில் ஓட்டினாலும் கேஸில் ஓட்டினாலும் ஐட்லிங்கில் அதே உதறல். இரண்டுக்கும் இன்ஜெக்டர் தனித்தனி என்பதால் அதன் மேலும் பழி போட முடியாது. ஆயில் குறையவில்லை, புகையும் இல்லை. இத்தனையும் சொன்ன பிறகு மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம்" என்றார். ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் வளையம். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பார்க்கலாமே என்றேன். "அதெல்லாம் சத்தத்துலயே தெரியும்" என்று பதில் வந்தது.

கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு இன்ஜினையே இறக்கச் சொல்கிறவர், அதற்கு முன் நாலு பிளக்கைக் கழற்றிப் பார்க்க யோசிக்கிறார். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

கம்ப்ரஷன் அளக்கும் கேஜை ஒரு நண்பரிடம் கடன் வாங்கினேன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரப்பர் கூம்பு வைத்தது. பிளக் ஓட்டையில் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிளக் ஆழத்தில் இருக்கும் இன்றைய இன்ஜின்களில் அது நீளம் போதாது, எட்டினாலும் ஓரத்தில் காற்று கசியும். ஹோஸை முறுக்கி மாட்டும் வகைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதிலும் மரை அளவைப் பார்த்து வாங்குங்கள்: கார்களில் 14 அல்லது 12 மில்லிமீட்டர், பல பைக்குகளில் 10. அடாப்டர் நுனியில் ஓ-ரிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அளவு குறையும், பழி இன்ஜின் மேல் விழும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது அளக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டில் கொதிக்கும் சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரையே கையோடு வந்துவிடும் என்பதும் தெரிந்ததே. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் சிக்கல். என் வண்டியில் முன்பு பிளக் மாட்டிய யாரோ மூன்றாவது பிளக்கைத் தன் பலம் முழுவதையும் காட்டி முறுக்கியிருந்தார். திருப்பினால் கிரீச்சென்று ஒரு சத்தம், அதற்கு மேல் அசையவில்லை. எண்ணெய் ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுப்பதற்குள் இன்ஜின் முழுக்க ஆறிவிட்டது. எல்லாவற்றையும் மாட்டி, மறுபடி சூடேற்றி, மறுபடி கழற்றினேன். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. முதலில் ஆறிய இன்ஜினில் நான்கு பிளக்கையும் ஒருமுறை தளர்த்தி, லேசாகத் திரும்ப இறுக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு சூடேற்றி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் கழற்றினால் அடம் பிடிக்காது. கழற்றும் முன் பிளக் குழியில் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் அங்கே கிடக்கும் மண் நேராகச் சிலிண்டருக்குள் போய்விடும்.

ஃபியூயல் பம்ப் ஃபியூஸ், காயில் கனெக்டர்கள், கேஸ் சுவிட்ச் எல்லாவற்றையும் துண்டித்தாயிற்று. நாலு பிளக்கும் வெளியே. வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னேன். காற்று போகும் வழியில் இருக்கும் த்ராட்டில் தட்டு மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது, கம்ப்ரஷன் எங்கிருந்து வரும்? கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால், பெடலை மிதித்தும் அது முழுக்கத் திறக்காத வண்டிகள் இருக்கின்றன. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, தட்டு திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

செல்ஃப் அடித்தால் கேஜ் முள் ஒவ்வொரு அமுக்கத்துக்கும் ஒரு படி ஏறும். ஐந்தாறு அமுக்கத்தில் நின்றுவிடும். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு நாலு, இன்னொன்றுக்குப் பத்து என்று அடித்தால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. முதல் அமுக்கத்தில் எவ்வளவு ஏறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிங் தேய்ந்திருந்தால் முதல் அடி சோர்வாக இருந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறும்.

வந்த எண்கள்: 121, 58, 118, 120 பி.எஸ்.ஐ.

இரண்டாவது மோசம் என்பது தெரிந்த கதை. ஆனால் மற்ற மூன்றும் 120 என்றால்? சாதாரண பெட்ரோல் இன்ஜினில் 140 முதல் 180 வரை எதிர்பார்க்கலாம். என் வண்டி மேனுவலில் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கே இது வரவில்லை. அந்த மெக்கானிக் சொன்னதுதான் சரியோ என்று வயிற்றைக் கலக்கியது. பேட்டரி இறங்கியிருக்குமோ என்று வேறொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். செல்ஃப் வேகமாகச் சுற்றியது, எண் ஒன்றிரண்டுதான் கூடியது.

ஆனால் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும் வண்டி இது. மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி, இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசத்தில், சொல்லிவைத்தாற்போலவா தேய்ந்திருக்கும்? எல்லாமே ஒரே அளவு குறைந்திருந்தால் இன்ஜினில் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம். அப்படித் தாண்டியிருந்தால் இழுவையே இருக்காது, என் வண்டியில் இழுவை இருந்தது. மிச்சம் இருந்தது கேஜ்.

ஹோஸ் நுனியில், சிலிண்டர் பக்கமாக, டியூப் வால்வில் இருப்பதுபோல ஒரு சிறிய பின் இருக்கும். ஏறிய காற்று திரும்பாமல் பிடித்துவைப்பது அதுதான். அது நுனியிலேயே இருப்பதற்கும் காரணம் உண்டு: மேலே வைத்தால் ஹோஸுக்குள் இருக்கும் இடமும் கம்பஸ்ஷன் சேம்பரோடு சேர்ந்து அளவு குறைந்துவிடும். இந்தப் பின்னின் ஸ்பிரிங் மிக மென்மையாக இருக்க வேண்டும். கழற்றி ஆணி முனையால் அழுத்திப் பார்த்தேன்; விறைப்பாக இருந்தது. சக்கரத்தில் போடும் சாதாரண வால்வு பின்! பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி, மரையும் ஒன்றே. பழையது தொலைந்ததும் யாரோ கையில் கிடைத்ததைத் திருகிவிட்டிருக்கிறார். அந்த விறைப்பான ஸ்பிரிங்கைத் தள்ளுவதற்கே அழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. கம்ப்ரஷன் கேஜுக்கென்று விற்கும் பின்னைத் தேடி வாங்கிப் போட்டு மறுபடி அளந்தேன்.

172, 104, 168, 170.

அப்போது விட்ட பெருமூச்சு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். மூன்று சிலிண்டர் நன்றாக இருக்கிறது. சிலிண்டர்களுக்குள் அதிகபட்ச வித்தியாசம் 14 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று என் மேனுவல் சொல்கிறது. இரண்டாவது அதைத் தாண்டி எங்கோ கிடக்கிறது. ஆக, தேட வேண்டிய இடம் ஒன்றுதான். நீங்கள் மலைப்பகுதியில் இருந்தால் இன்னொன்று: கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினாலே எண் சுமார் 10 சதவீதம் குறையும், பயப்பட வேண்டாம்.

அடுத்து ஈரச் சோதனை. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பது. எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால்தான் கேஸ்கட் மேல் முதல் சந்தேகம் வரும். ஆயிலைத் தாராளமாக ஊற்றாதீர்கள். ஆயில் அடைக்கும் இடத்தாலேயே எண் ஏறி ஏமாற்றும். அளவு மீறினால் கனெக்டிங் ராடே வளையும். எனக்கு 104 என்பது 109 ஆனது, அவ்வளவுதான். ஆக, கோளாறு ரிங்கில் இல்லை.

இந்த நேரம் பார்த்து அடாப்டர் மக்கர் செய்தது. ஹோஸைத் திருப்பினால் ஹோஸ் மட்டும் வெளியே வந்தது, அடாப்டர் பிளக் குழியின் அடியில் ஹெட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. அறுகோண விளிம்பு இருந்தால் சாக்கெட் போட்டு எடுத்துவிடலாம். இது வழுவழு உருளை. கடைசியில் ஹோஸ் மரையில் துளி த்ரெட் லாக்கர் பசை தடவி, உள்ளே முறுக்கி, ராத்திரி முழுக்க காயவிட்டு, மறுநாள் இரண்டையும் சேர்த்துத் திருப்பி எடுத்தேன். பசை ஹெட் மரைப் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஜை மாட்டும்போது கையால் இறுக்கினாலே போதும், ஸ்பானர் தேவையே இல்லை. அறுகோண விளிம்பு இல்லாத அடாப்டரை வாங்கவே வாங்காதீர்கள்.

எந்த வால்வு என்று தெரிய, ஹோஸில் இருந்து பின்னை முழுக்கக் கழற்றிவிட்டு, அதே ஹோஸ் வழியாகக் காற்று கொடுத்தேன். இரண்டாவது பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில், மேலே இருக்க வேண்டும். டாப் கியர், ஹேண்ட்பிரேக், கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் மாட்டியிருக்கக் கூடாது, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் சட்டென்று சுற்றிக் கையைப் பதம் பார்க்கும். ஆயில் மூடியில் காதை வைத்தேன், அமைதி. ரேடியேட்டரில் குமிழி இல்லை. த்ராட்டிலில் சத்தம் இல்லை. சைலன்சர் பக்கம் போனால் தெளிவாக ஒரு 'உஸ்ஸ்'. எக்ஸாஸ்ட் வால்வு.

கேஸில் ஓடும் வண்டிகளில் இது அதிகம். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் வளையமான சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். பெரும்பாலும் சத்தமே வராது. இடைவெளி கூடினால்தான் டக்டக் என்று கேட்கும், குறைந்தால் வண்டி இன்னும் அமைதியாகிவிடும். "சத்தத்துலயே தெரியும்" என்றவருக்குத் தெரியாமல் போனதும் இதனால்தான். டேப்பட் கவரைத் திறந்து, ஆறிய இன்ஜினில் ஃபீலர் தகடு விட்டுப் பார்த்தால், இரண்டாவது எக்ஸாஸ்டில் மேனுவல் சொன்ன தகடு மட்டுமல்ல, அதைவிட மெல்லியதுகூட நுழையவில்லை. வால்வு மூடவே முடியாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் வண்டியில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருப்பதால் சரிசெய்வது சுலபம். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) வைத்த இன்ஜின் என்றால் அளந்து, சரியான ஷிம் வரவழைக்க வேண்டியிருக்கும்.

எல்லா டேப்பட் இடைவெளியையும் சரியாக வைத்து மறுபடி கம்ப்ரஷன் அளந்தேன்: இரண்டாவது 161. அதிகபட்சமான 172-க்கும் இதற்கும் 11 வித்தியாசம், மேனுவல் கணக்கில் பாஸ். வால்வின் விளிம்பு கருகியிருந்தால் இடைவெளி வைத்தும் எண் ஏறியிருக்காது, ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டியிருந்திருக்கும். பிழைக் கோடை அழித்துவிட்டு ஓட்டுகிறேன், இதுவரை திரும்பவில்லை. சீட் தேய்மானம் நிற்கப்போவதில்லை, எனவே டேப்பட்டை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கேஜைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பழைய பின்னையும் ஒரு கவரில் போட்டு நண்பரிடம் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், "போன மாசம் ஒருத்தர்கிட்ட நாலு சிலிண்டரும் வீக்னு சொல்லி அனுப்பிட்டேனே" என்று போனைத் தேட ஆரம்பித்தார்.