பெட்டிக்கான இழப்பீடு: பழகிய சொற்களும் அவற்றின் சட்டப் பொருளும்

வெளிநாட்டுப் பயணம் ஒன்றில் என் பெட்டி நான் இறங்கிய விமானத்தில் வரவில்லை. பின்னர் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது அதன் ஒரு சக்கரம் பிய்ந்து, மூடியின் ஓரம் வெடித்து, உள்ளிருந்த துணிகள் நனைந்து கிடந்தன. அதற்கு இழப்பீடு பெறும்வரை விமான நிறுவனத்துடன் நான் நடத்திய கடிதப் போக்குவரத்து முழுவதும், நாம் அன்றாடம் புழங்கும் சில சொற்களுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பதைப் பற்றியதாகவே இருந்தது.

நாடுகளுக்கிடையிலான பெரும்பாலான விமானப் பயணங்களுக்கு 1999-இல் கையெழுத்தாகி 2003-இல் நடைமுறைக்கு வந்த மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்துகிறது. அதில் ‘உடைமை’ என்பது செக்-இன் செய்த பெட்டியையும் கையில் எடுத்துச்செல்லும் பையையும் சேர்த்தே குறிக்கிறது என்றாலும், இரண்டுக்கும் பொறுப்பு ஒன்றல்ல. நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைத்த பெட்டி சேதமானால் அதன் தவறை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. கைப்பைக்கோ நிறுவனத்தின் தவறால்தான் சேதம் ஏற்பட்டது என்று காட்டியாக வேண்டும்.

பெட்டி வராத முதல் நாளிலிருந்தே வீட்டில் எல்லோரும் ‘தொலைந்துவிட்டது’ என்றுதான் சொன்னார்கள். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. நிறுவனமே தொலைந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்திருக்க வேண்டும். அதுவரை அது ‘தாமதம்’ மட்டுமே. என் பெட்டி அதற்கு முன்பே வந்துவிட்டதால், இடைப்பட்ட நாட்களில் வாங்க நேர்ந்த உடைகளுக்கும் அவசியப் பொருட்களுக்கும் தாமதத்தின் பேரிலும், பெட்டிக்கும் துணிகளுக்கும் சேதத்தின் பேரிலும் தனித்தனியாகக் கோரினேன். தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்ய வேண்டிய அனைத்தையும் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் அந்தப் பொறுப்பிலிருந்து அது தப்பலாம். நிரூபிக்கும் சுமை அதனுடையது என்பதைக் கடிதத்தில் குறிப்பிட்டேன்.

என்னை அதிகம் கவலையில் ஆழ்த்திய சொல் ‘புகார்’. விமான நிலையக் கவுன்ட்டரில் பெட்டி வராததைப் பதிவுசெய்யும் பி.ஐ.ஆர். என்னும் படிவத்தை நிரப்பி, பதிவு எண்ணைக் கொடுத்து, இதுவே போதும் என்றார் ஊழியர். ஆனால் பெட்டி வருவதற்கு முன் எழுதிய தாளில், வந்தபின் கண்ட சேதம் எப்படி இருக்கும்? சேதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலமான புகாரைக் கொடுத்தாக அல்லது அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால், நிறுவனம் மோசடி செய்திருந்தாலன்றி, வழக்கே தொடர முடியாது. நிறுவனத்தின் கணினியில் ஊழியர் பதிவு செய்த புகாரும் எழுத்து மூலமானதாகலாம் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தகைய பதிவை நம்பி நிற்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் திறந்த அன்றே, பேக்கேஜ் டேக் தெரியும்படி சக்கரம் இருந்த குழியையும் வெடித்த ஓரத்தையும் படமெடுத்து, ரசீதுகளுடன் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன்.

நிறுவனத்தின் முதல் பதில், சக்கரமும் கைப்பிடியும் வழக்கமான தேய்மானத்தில் அடங்கும் என்றும், மற்றவற்றுக்கு எடைக்கு இவ்வளவு என்று தரலாம் என்றும் கூறியது. உடன்படிக்கை விலக்களிப்பது பெட்டியின் உள்ளார்ந்த குறைபாட்டால் வந்த சேதத்துக்குத்தான்; தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள நிறுவனம் அச்சிட்டு வைக்கும் நிபந்தனை அதன்படி செல்லாது. எடைக்கணக்கு 1929-ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை வழிவந்த பழைய முறை. மான்ட்ரியல் முறையில் உச்சவரம்பு பயணி ஒருவருக்கு இவ்வளவு என்பதே. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ‘வரம்பு’ என்பதையும் சரியாகப் படிக்க வேண்டும்: அது எல்லோருக்கும் கிடைக்கும் தொகையன்று, நிரூபித்த இழப்புக்கான மேல் எல்லை. எனவே ரசீது இல்லாத பொருட்களுக்கு வாங்கிய ஆண்டையும் தோராய விலையையும் எழுதிக் கொடுத்தேன்.

பதில்கள் இழுபட்டபோது ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். கடிதம் எத்தனை எழுதினாலும் அது ‘வழக்கு’ ஆகாது, 2 ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யாவிட்டால் உரிமையே அற்றுப்போகும் என்று அவர் எச்சரித்தார். எங்கே தாக்கல் செய்வது என்பதிலும் ஒரு சொல் காத்திருந்தது: வழக்குத் தொடரக்கூடிய இடங்களில் ஒன்று ‘சேருமிடம்’, போய்வரும் டிக்கெட்டில் அது பொதுவாகப் பயணம் தொடங்கிய ஊரையே குறிக்கும். ஆகவே என் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதைச் சொல்லி அவர் அறிவிப்பு அனுப்பினார்.

அதன் பிறகே நிறுவனம் ஏற்கத்தக்க தொகையை முன்வைத்தது. அனுப்பிய ஒப்புதல் படிவத்தில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்றிருந்தது. கையெழுத்திட்டால் வேறெதையும் பின்னர் கோர இயலாது. தாமதச் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டேன், சேரவில்லை. இரண்டு தலைப்புகளிலும் தொகையைத் தனித்தனியே காட்டிப் படிவத்தைத் திருத்தி அனுப்பும்படி எழுதினேன். திருத்திய படிவம் வந்தபின் கையெழுத்திட்டேன், பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது.